முதல் மெமரி சிப் புரோகிராமர்: எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி, உயிர் போன லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு குன்னூருக்கு வந்தான். பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது எங்கோ மரம் விழுந்து கரண்ட் போயிருக்கிறது. பேட்டரி உப்பிப்போய் எப்போதோ கழற்றியாகிவிட்டது. "அண்ணா, ஆயிரக்கணக்கான ஐசிக்கு வேலை செய்யற புரோகிராமர் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேனுங்க. விலை கொஞ்சம் ஜாஸ்தி. வாங்கிரட்டுங்களா?" என்றான். "இருடா, மொதல்ல கழட்டிப் பாக்கலாம்" என்று அடிமூடியைத் திறந்தோம். அவனுக்குத் தேவைப்பட்டது சில நூறு ரூபாய்ச் சாமான்தான்.

புரோகிராமர் என்பது மெமரி சிப்பில் (ஐசி) இருப்பதைப் படித்து, அழித்து, புதிதாக எழுதும் கருவி. புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கருவியோடு வரும் பட்டியலின் நீளத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். சரக்கு மேட்டுப்பாளையம் தாண்டி மேலே வந்து சேர்ந்த பிறகுதான், சொந்த சிப்புக்கு வேண்டிய அடாப்டர் அதில் இல்லை என்று தெரிகிறது. ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கூரியர் எத்தனை நாள் கீழேயே கிடக்கும் என்பது மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் முதல் நாள் ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு ஸ்க்ரூடிரைவரும் செல்போன் கேமராவும் போதும்.

முதலில் சிப்பைப் படியுங்கள்

சரிசெய்ய நினைக்கும் பொருளைத் திறந்து, மெமரி சிப்பைத் தேடுங்கள். லேப்டாப், ரவுட்டர், எல்இடி டிவி, செட்டாப் பாக்ஸ் என்றால் பெரும்பாலும் எட்டுக் கால் உள்ள சின்னக் கறுப்புச் சதுரமாக இருக்கும். மேலே எழுத்து மங்கலாகத் தெரியும். சாக்பீஸை லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் படம் எடுத்தால் எழுத்து எழும்பி வரும். அந்த எண்ணில் உங்களுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது.

எண் 24 என்று தொடங்கினால் அது ஐ-ஸ்கொயர்-சி (இரண்டு ஒயரில் தகவல் பேசும் முறை) வகை ஈஈப்ராம், அதாவது மின்சாரத்தாலேயே அழித்து எழுதும் சின்ன மெமரி. டிவியின் செட்டிங், எடை மெஷினின் அளவுத்திருத்தம் போன்ற சில்லறைத் தகவல்களை வைத்திருக்கும். 25 என்று வந்தால் எஸ்பிஐ (நான்கு ஒயரில் பேசும் வேகமான முறை) வகை ஃப்ளாஷ், அதாவது அதிகத் தகவல் கொள்ளும் மெமரி. பயாஸ், ரவுட்டரின் ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) எல்லாம் இதில்தான். 93 என்றால் மைக்ரோவயர் என்ற பழைய வகை. 27 என்று தொடங்கி, 24 அல்லது 28 கால்களோடு, முதுகில் கண்ணாடி ஜன்னல் வைத்த பெரிய சிப் என்றால் அது புற ஊதா ஒளியில் அழிக்கும் ஈப்ராம். அதன் கதையே வேறு, பின்னால் வருகிறேன்.

அடுத்தது அளவு. இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். 25க்யூ64 என்பதில் வரும் 64 மெகாபிட். எட்டால் வகுத்தால் 8 மெகாபைட். 24சி64 என்பதிலும் அதே 64 தான், ஆனால் அது கிலோபிட். மொத்தமே 8 கிலோபைட். 24சி02 இன்னும் சின்னது, 256 பைட். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் ஆயிரம் மடங்கு தவறிவிடும்.

மூன்றாவது, மின்னழுத்தம். இதைத் தவறவிட்டால் சிப் போய்விடும். விண்பாண்டு கம்பெனியின் சிப்பில் 25க்யூ64எஃப்வி, 25க்யூ64ஜேவி என்று 'வி' வந்தால் அது 3.3 வோல்ட் சாமான். எஃப்டபிள்யூ, ஜேடபிள்யூ என்று 'டபிள்யூ' வந்தால் 1.8 வோல்ட். மேக்ரோனிக்ஸில் எம்எக்ஸ்25எல் 3.3, எம்எக்ஸ்25யூ 1.8. கிகாடிவைஸில் ஜிடி25க்யூ 3.3, ஜிடி25எல்க்யூ 1.8. சந்தேகம் வந்தால் முழு எண்ணையும் இணையத்தில் தட்டி டேட்டாஷீட்டின் (கம்பெனி தரும் விவரத்தாள்) முதல் பக்கத்தை மட்டும் படியுங்கள். மின்னழுத்தம் அங்கேயே போட்டிருக்கும்.

நான் இந்தப் பாடத்தை ஒரு தங்கும் விடுதிக்காரரின் லேப்டாப்பில் கற்றேன். மங்கிய எழுத்தில் 'டபிள்யூ' எனக்கு 'வி' ஆகத் தெரிந்தது. சிப்பின் கால்களைக் கவ்வும் கிளிப்பை மாட்டினேன், சிப் விரலைச் சுட்டது, அவ்வளவுதான். புது சிப் வாங்கிவிடலாம். ஆனால் உள்ளே இருந்த சீரியல் நம்பர், நெட்வொர்க் முகவரி, விண்டோஸ் சாவி எல்லாவற்றையும் நான் நகல் எடுப்பதற்கு முன்பே கொன்றுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ கொடுத்து அனுப்பினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

24, 25 மட்டும் என்றால்: சிஎச்341ஏ

உங்கள் சிப் இந்த இரண்டு வகைக்குள் வந்தால் சிஎச்341ஏ என்ற யுஎஸ்பி போர்டு போதும். சீனாவின் டபிள்யூசிஎச் நிறுவனத்தின் சிப்பை வைத்துப் பலரும் செய்து விற்பது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், ஒரு முனையில் யுஎஸ்பி, நடுவில் நெம்புகோல் வைத்த சாக்கெட். பழக இதைவிட மலிவான கருவி கிடையாது.

ஆனால் ஒரு குறை உண்டு. பரவலாகக் கிடைக்கும் கறுப்பு போர்டில் சிப்புக்குப் போகும் சப்ளை 3.3 வோல்ட்தான். தகவல் போகும் கால்களோ 5 வோல்ட்டில் ஆடுகின்றன, ஏனென்றால் சிஎச்341ஏ சிப்பே யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் ஓடுகிறது. 3.3 வோல்ட் ஃப்ளாஷின் கால்களில் சப்ளையைவிட அரை வோல்ட் மேலே போவதைக்கூட டேட்டாஷீட் அனுமதிப்பதில்லை. இருந்தாலும் நிறையப் பேர் இப்படியே வருடக்கணக்காக ஓட்டுகிறார்கள். பெரும்பாலான சிப் தாங்கிக்கொள்கிறது. "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் உங்கள் ஒரே லேப்டாப்பை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இதற்கு மூன்று வழி. முதல் வழி, மின்னழுத்தம் மாற்றும் வசதியோடு வரும் புது வகை. 1.8, 2.5, 3.3, 5 என்று ஸ்விட்ச் போட்டிருக்கும், பெரும்பாலும் பதிப்பு 1.7 என்று விற்கிறார்கள். விலை கொஞ்சம் கூடுதல். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரண்டாவது வழி, கறுப்பு போர்டை வாங்கி, சிஎச்341ஏ சிப்பின் 28ஆம் காலை போர்டிலிருந்து தூக்கி, அதையும் 9ஆம் காலையும் 3.3 வோல்ட்டோடு இணைப்பது. சால்டரிங் பழகியவருக்குப் பத்து நிமிட வேலை. சால்டரிங் அயர்னை இப்போதுதான் கையில் எடுக்கிறீர்கள் என்றால் வேண்டாம். மூன்றாவது வழி காசே இல்லாதது: ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதன் கால்கள் 3.3 வோல்ட்டிலேயே இயங்குகின்றன, ஃப்ளாஷ்ராம் என்ற மென்பொருள் அதை நேரடியாக எஸ்பிஐ புரோகிராமராகப் பயன்படுத்தும். பைகோ போர்டிலும் அதற்கான ஃபர்ம்வேர் ஏற்றி இதே வேலையை வாங்கலாம். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட் என்பதால் நடுவில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் இல்லாமல் தொடாதீர்கள்.

படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டாலும் வந்த பொருளை மல்டிமீட்டரில் பாருங்கள். நான் ஸ்விட்ச் உள்ள போர்டுக்குப் பணம் கட்டினேன், வந்தது சாதாரணக் கறுப்பு. சிப் எதையும் வைக்காமல், சாக்கெட்டின் 25 பக்கத்தில் 4ஆம் கால் கிரவுண்ட், 8ஆம் கால் சப்ளை. 8இல் 3.3 வந்தால் நல்லது. பிறகு 5, 6ஆம் கால்களைத் தொட்டுப் பாருங்கள். அங்கே 3.3க்கு மேல் காட்டினால் நான் மேலே சொன்ன போர்டு உங்களிடமும் வந்துவிட்டது.

சிஎச்341ஏ போர்டோடு கூடவே வாங்க வேண்டியவை: எட்டுக் காலைக் கவ்வும் கிளிப், கழற்றிய சிப்பை வைக்கும் ஸ்ப்ரிங் சாக்கெட், ஸ்விட்ச் இல்லாத போர்டு என்றால் 1.8 வோல்ட் அடாப்டர், பழக இரண்டு மூன்று வெற்று 25க்யூ64, 24சி02. எட்டுக் கால் சிப்பிலேயே ஒல்லி, தடி என்று இரண்டு அகலம் உண்டு. 150 மில், 208 மில் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று குறிப்பார்கள். பயாஸ் சிப் பெரும்பாலும் 208, ஈஈப்ராம் பெரும்பாலும் 150. சாக்கெட் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். போர்டோடு இலவசமாக வரும் கிளிப் சுமார்தான், நாலு தடவை மாட்டினால் பல் தளர்ந்துவிடும். காசு மிச்சம் இருந்தால் அதை புரோகிராமரில் போடாமல் நல்ல கிளிப்பில் போடுங்கள். மணிக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது எப்போதும் கிளிப்தான்.

எப்போது பெரிய கருவி?

27 வகை, 28 வகை (பல கால்களில் ஒரே நேரத்தில் தகவல் அனுப்பும் ஈஈப்ராம்), பழைய மைக்ரோகன்ட்ரோலர், ஜெனரிக்-அரே லாஜிக் (ஜிஏஎல்) சிப் என்று உங்கள் ஆசை விரிந்தால் சிஎச்341ஏ கை கொடுக்காது. அப்போது 40 கால் சாக்கெட் உள்ள டி48 மாதிரிக் கருவி. சில ஆயிரம் ரூபாய் ஆகும். பழைய 8-பிட் கணினி, விளையாட்டு மெஷின் என்று திரிகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஈப்ராமில் எழுதக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். 27சி256க்கு 12.5 வோல்ட் போதும். ஆதி 2764க்கு 21, 2716க்கு 25. டி48 25 வோல்ட் வரை தரும். அதற்கு முந்தைய டிஎல்866-2 பிளஸ் 18 வோல்ட்டோடு நின்றுவிடும். செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்குவதற்கு முன் உங்கள் சிப்பின் எண்ணை ஒருமுறை பாருங்கள். டி48இன் சொந்த மென்பொருள் விண்டோஸுக்கு. லினக்ஸ்காரர்களுக்கு மினிப்ரோ என்ற மென்பொருள் இருக்கிறது.

ஜன்னல் வைத்த சிப்பை அழிக்கத் தனியாகப் புற ஊதா விளக்குப் பெட்டி வேண்டும், பதினைந்து இருபது நிமிடத்தில் சுத்தமாகிவிடும். நேரடி வெயிலில் வைத்தால் சுமார் ஒரு வாரத்தில் அழியும் என்று டேட்டாஷீட்டில் போட்டிருக்கிறார்கள். ஜூலை மாத ஊட்டியில் அந்த ஒரு வார வெயிலுக்கு எங்கே போவது என்று மட்டும் போடவில்லை.

டிவி மெக்கானிக்குகளின் மேஜையில் ஆர்டி809 வரிசைக் கருவிகளைப் பார்த்திருப்பீர்கள். தினமும் பத்து போர்டு பார்ப்பவர்களுக்கு அது சரி. மாதம் ஒரு தடவை திறப்பவருக்கு அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். செல்போனில் இருக்கும் இஎம்எம்சி மெமரி பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

சாமான் வந்ததும்

மார்கழி, தை மாதக் காலையில் கூரியர்க்காரர் கொடுத்த பெட்டி ஐஸாக இருக்கும். அடுப்படியோடு ஒட்டிய அறைக்குக் கொண்டுவந்து உடனே பிரித்தால் போர்டின்மேல் ஈரம் பூக்கும். ஒரு மணி நேரம் பெட்டியோடு அப்படியே வையுங்கள். உறைபனிக் காலத்தில் இன்னொரு தொந்தரவு ஸ்வெட்டர். மழைக்காலத்து ஈரக் காற்றில் நிலை மின்சாரம் அவ்வளவாகத் தெரியாது. பனிக்காலத்துக் காய்ந்த காற்றில் கம்பளி ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றும்போது சடசடவென்று கேட்குமே, அதில் ஒரு துளி போதும் சிப்பைக் கெடுக்க. வேலைக்கு உட்காரும்போது பருத்திச் சட்டை, குளிருக்குக் காலில் வேண்டுமானால் இரண்டு சாக்ஸ். சிப் வந்த வெள்ளி நிறப் பையைத் தூக்கிப் போடாதீர்கள். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்று எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுப் பழகிவிட்டோம், சிப்புக்கு மட்டும் அது ஆகாது.

விண்டோஸில் முதல் தடுமாற்றம் டிரைவர். சிஎச்341 என்று தேடினால் சீரியல் போர்ட்டுக்கான டிரைவர்தான் முதலில் வரும். புரோகிராமராகப் பயன்படுத்த வேண்டியது 'பார்' என்று முடியும் பேரலல் டிரைவர். போர்டில் ஒரு ஜம்பர் (இரண்டு கால்களை இணைக்கும் சின்ன மூடி) இருக்கும், அது 1, 2 கால்களில் இருக்க வேண்டும். மென்பொருளுக்கு ஆஸ்புரோகிராமர் போதும், மூலநிரல் திறந்தது. ஊர் பேர் தெரியாத தளத்திலிருந்து ஜிப் பைல்களை இறக்காதீர்கள். லினக்ஸில் ஃப்ளாஷ்ராம், அல்லது பட்டன் வைத்த திரை வேண்டுமென்றால் ஐஎம்எஸ்புராக். ஃப்ளாஷ்ராம் 25 வகைக்கு மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

முதல் வாசிப்பு, முதல் எழுத்து

வெற்று சிப்பில் எழுதி, அழித்து, மறுபடி எழுதிக் கை பழகிய பிறகே உண்மையான போர்டுக்குப் போங்கள். போகும்போது இந்த வரிசை:

சரிசெய்யும் லேப்டாப்பின் சார்ஜர், பேட்டரி, உள்ளே இருக்கும் காசு போன்ற சின்ன பேட்டரி மூன்றையும் கழற்றுங்கள். புரோகிராமரை மாட்டும் லேப்டாப்பை முழுக்க சார்ஜ் ஏற்றி, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியிலேயே ஓட்டுங்கள். ஆடிக் காற்றில் கரண்ட் போனாலும் வேலை நடுவில் அறுந்துவிடாது. இரண்டு முள் சார்ஜரிலிருந்து கசியும் மின்சாரமும் சிப்பைத் தொடாது.

சிப்பின் மூலையில் ஒரு புள்ளி இருக்கும், அதுதான் 1ஆம் கால். கிளிப் ஒயரின் சிவப்புக் கம்பி அந்தப் பக்கம் வர வேண்டும். மாட்டுவதற்கு முன் கால்களை ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) தொட்ட பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். நம் ஊர்ப் பழைய போர்டுகளில் கால்மேல் பச்சை பூத்திருக்கும். மேலாகப் பார்த்தால் தெரியாது, கிளிப்புக்குத் தெரியும்.

கிளிப் மாட்டிய பிறகே யுஎஸ்பியைச் செருகுங்கள். முதலில் அடையாள எண்ணை மட்டும் கேளுங்கள். 3.3 வோல்ட் 25க்யூ64 விண்பாண்டு என்றால் பெரும்பாலும் இஎஃப் 40 17 என்று வரும். இஎஃப் என்பது விண்பாண்டு. சி2 வந்தால் மேக்ரோனிக்ஸ், சி8 வந்தால் கிகாடிவைஸ். கடைசி 17 பதினாறடிமான எண், பதின்மத்தில் 23. இரண்டை 23 தடவை பெருக்கினால் 83,88,608 பைட், அதாவது 8 மெகாபைட். 18 வந்தால் 16 மெகாபைட். மூன்றுமே எஃப்எஃப் அல்லது 00 என்று வந்தால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை, அல்லது புரோகிராமர் தரும் கரண்ட்டை மதர்போர்டு முழுக்க உறிஞ்சிக்கொள்கிறது. கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டுங்கள். பத்து தடவை பார்த்தும் வரவில்லையென்றால் சிப்பை இறக்கித்தான் ஆக வேண்டும். சூடான காற்றை ஊதி சிப்பைக் கழற்றும் ஹாட் ஏர் பழக்கம் இல்லாதவர்கள் அதை முதலில் குப்பை போர்டில் பழகுங்கள்.

அடையாளம் சரியாக வந்ததும் வாசியுங்கள். பைலைச் சேமியுங்கள். கிளிப்பைத் தொடாமல் இன்னொரு தடவை வாசித்து வேறு பெயரில் சேமியுங்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒரு பைட் மாறினாலும் அந்த நகல் செல்லாது. பைலின் அளவு சிப்பின் அளவோடு துல்லியமாகப் பொருந்த வேண்டும். ஹெக்ஸ் திரையில் முழுவதும் எஃப்எஃப் ஆகவோ முழுவதும் 00 ஆகவோ இருந்தால் நீங்கள் வாசித்தது வெறும் காற்று. சரியான நகலைப் பென்டிரைவிலும் ஒன்று போட்டு வையுங்கள்.

என்ன எழுதுவது என்பதில்தான் பயாஸ் வேலையின் சிக்கல் இருக்கிறது. கம்பெனியின் தளத்தில் இறக்கிய பைல் பல நேரம் சிப்பின் அளவுக்கு இருக்காது. முன்னால் ஒரு தலைப்பகுதி ஒட்டியிருக்கும், அல்லது சிப்பின் ஒரு பகுதி மட்டும் அதில் இருக்கும். அதை அப்படியே எழுதினால் லேப்டாப் முன்பைவிட மோசமாகும். யுஇஎஃப்ஐடூல் என்ற இலவசக் கருவியில் இரண்டு பைலையும் திறந்து, உங்கள் நகலில் கெட்டுப்போன பகுதியை மட்டும் மாற்றுவது சரியான வழி. யாரோ கொடுத்த டம்ப் பைலை (வேறு லேப்டாப்பின் சிப்பிலிருந்து எடுத்த நகல்) முழுதாக எழுதினால் லேப்டாப் எழுந்துவிடலாம், ஆனால் வேறொருவருடைய சீரியல் நம்பரோடு எழும். பாஸ்வேர்டை எடுத்துத் தரச் சொல்லி முன்பின் தெரியாதவர்கள் லேப்டாப்போடு வந்தால் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் நான் தொடுவதில்லை.

பைல் தயாரானதும் அழிப்பு, வெறுமைச் சோதனை, எழுத்து, சரிபார்ப்பு, இதே வரிசையில். 8 மெகாபைட்டுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நேரத்தில் மேஜையைக்கூட ஆட்டாதீர்கள். சரிபார்ப்பில் தவறு வந்தால் பதற வேண்டாம், சிப் எங்கும் போகாது, மறுபடி அழித்து எழுதலாம். அதற்குத்தான் இரண்டு நகல் இருக்கிறது.

யுஎஸ்பியைப் பிடுங்கி, கிளிப்பைக் கழற்றி, சின்ன பேட்டரி, பெரிய பேட்டரி, சார்ஜர் என்று திரும்ப மாட்டிப் பவர் பட்டனை அழுத்துங்கள். முதல் தடவை மின்விசிறி மட்டும் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், தானாக ஒருமுறை அணைந்துகூட எழலாம். ராமை முதலிலிருந்து அளந்துகொண்டிருக்கிறது. கோத்தகிரித் தம்பி முப்பது நொடியில் பொறுமை இழந்து பட்டனை நோக்கிக் கையை நீட்டினான். கையைப் பிடித்து, அடுப்பில் இருந்த டீயை இறக்கச் சொல்லி அனுப்பினேன். அவன் டம்ளரோடு திரும்பியபோது திரையில் கம்பெனிச் சின்னம் வந்திருந்தது.